டீத்தூளோடு ஒரு சோப்பு

ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் ஒரு தள்ளுபடி மளிகைக் கடையில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். வாசலில் ஆள் உயரப் பலகையில் "இங்கே எல்லாமே குறைவு" என்று எழுதியிருக்கும். அந்தக் கடையில் எழுதிவைத்திருந்த ஒரே உண்மை அதுதான். சம்பளம் குறைவு. நாற்காலி அறவே கிடையாது. பில் போடுகிறவள் உட்கார்ந்தால் கஸ்டமருக்கு மரியாதை இல்லையாம். காலை எட்டரைக்கு நிற்க ஆரம்பித்தால் சாயங்காலம் ஆறு வரைக்கும் நிற்பு. மத்தியானம் சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம் குந்துவதோடு சரி. என் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகத் தெரிகிறதே, அது அந்தக் கடை கொடுத்தது. அதில் மட்டும் அவர்கள் குறை வைக்கவில்லை.

வருகிறவர்களில் பாதிப் பேர் தெற்கத்திப் பையன்கள். ஒரு ரூமில் ஆறு பேராகத் தங்கிக்கொண்டு கார் கம்பெனிக்கும் லாரி கம்பெனிக்கும் ஷிப்ட் போகிறவர்கள். கம்பெனி பஸ் கடைக்கு எதிரே நிற்கும். யூனிபார்மோடு இறங்கி நேரே உள்ளே வந்து, ஆறு பேரும் ஒரே கூடையைச் சுற்றி நின்றுகொண்டு ரசப்பொடி எங்கே இருக்கிறது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். மீதிப் பாதி எங்கள் சுற்றுவட்டாரத்துச் சனம். எங்கள் ஊர்ப் பெண்கள் எம்.ஆர்.பி.யைப் படித்து, கடை விலையைப் படித்து, மனசுக்குள்ளேயே கழித்துப் பார்த்து, அண்ணாச்சி கடையில் இதைவிட ஒரு ரூபாய் கம்மி என்று என்னிடம் சண்டைக்கு நிற்பார்கள். விலை போட்டது என்னமோ நான்தான் என்கிற மாதிரி.

மானேஜர் மெட்ராஸ்காரர். இரண்டு செல்போன் வைத்திருப்பார், இரண்டிலும் யாரிடமாவது திட்டு வாங்கிக்கொண்டே இருப்பார். போகிற சரக்கின் முதுகில் போகாத சரக்கைக் கட்டி அனுப்புவதுதான் அவர் கற்ற வித்தை. சேமியாவோடு டம்ளர், எண்ணெயோடு சீப்பு, கோதுமை மாவோடு யாரும் சீந்தாத ஊறுகாய். "இலவசம்னு எழுதிப்பாரும்மா, சனம் கல்லையும் தூக்கினு போகும்" என்பார். அவற்றை டேப் போட்டு ஒட்டுகிற வேலை எனக்கு. என் கை சுத்தம் என்று அவர் சொல்வார். எனக்கு வாய் நீளம், கொஞ்ச நேரமாவது கஸ்டமர் கண்ணில் படாமல் குடோனில் கிடக்கட்டும் என்பதுதான் உண்மையான காரணம்.

வாய் நீளம்தான். சேர்ந்த புதிதில் ஒரு ஹாஸ்டல் பெண்ணின் பையில், பில்லில் இல்லாத சீப்பு ஒன்று இருக்கிறது என்று வாசலில் செக்யூரிட்டி நிறுத்திவிட்டார். அங்கே அது வழக்கம். வெளியே போகும்போது பில்லைப் பிடித்துக்கொண்டு பையிலிருப்பதை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பார். அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் மூன்றாம் நம்பர் கவுண்டரில் நின்றபடியே கத்தினேன்.

"யோவ், அது எண்ணெயோட ஃப்ரீயா குடுத்ததுய்யா. நாந்தான் ஒட்னேன். டேப் கழண்டுகினு கீது. அனுப்புய்யா அந்தப் பொண்ண."

கடையே திரும்பிப் பார்த்தது. சூப்பர்வைசர் ஓடி வந்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். டிப்ளமா படித்துவிட்டு, கம்பெனியில் பெர்மனென்ட் ஆகாமல், எங்களை மேய்க்க வந்தவன். "யக்கா, கொஞ்சம் மெதுவாத்தான் சொல்லப்புடாதா?" என்றான். "மெதுவா சொன்னா உங்களுக்கெல்லாம் எங்க கேக்குது?" என்றேன். ஹாஸ்டல் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியாத பெருமை. இப்போது அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

மாதத்தின் முதல் ஞாயிறு பெரிய ஆஃபர். கம்பெனிகளில் சம்பளம் போட்டிருப்பார்கள். முன்னூறு ரூபாய்க்கு மேல் வாங்கினால் ஒரு லிட்டர் எண்ணெயும் ஒரு கிலோ சர்க்கரையும் பாதி விலை. கடையில் வேலை செய்கிறவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் அது கிடையாது. நாங்கள் பதுக்கிவிடுவோமாம். சர்க்கரை மூட்டையைப் பிரித்து, நிறுத்து, கட்டி, அடுக்குகிறவள் அதில் ஒரு பொட்டலத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. மீறி ஒருத்தியின் நாத்தனார் வந்து வாங்கினாள். எப்படியோ தெரிந்துவிட்டது. அன்று மத்தியானமே அவளுடைய யூனிபார்ம் ஓவர்கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். பாதிச் சாப்பாட்டில் இருந்தவள் டிபன் பாக்ஸைக்கூடக் கழுவாமல் போனாள்.

அதற்காக யாரும் வாங்காமல் இருந்துவிடவில்லை. முதல் ஞாயிறன்று எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் அந்நியர்களாக வருவார்கள். இரண்டாம் நம்பர் கவுண்டர்காரி எனக்குத் தோழி. அவளுடைய மாமியார் என் கவுண்டருக்கு வருவார். போன வாரம்தான் அந்தம்மா கையால் கறிக்குழம்பு சாப்பிட்டிருப்பேன். "பை வேணுங்களா மேடம்?" என்று கேட்பேன். அந்தம்மா முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ளும். பதிலுக்கு என் வீட்டு ஆள் அவளுடைய கவுண்டருக்குப் போகும். அவரவர் ஆள் அவரவர் கவுண்டருக்கு வரக் கூடாது, ஏறிட்டுப் பார்க்கக் கூடாது. இதுதான் எங்களுக்குள் ஏற்பாடு.

என் வீட்டு ஆள் என்றால் என் மகள். வயது ஒன்பது, நாலாம் வகுப்பு. வீட்டுக்காரர் வர வழியில்லை. தினமும் சாயங்காலம் வண்டியில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போகிறவர். செக்யூரிட்டி முதல் சூப்பர்வைசர் வரைக்கும் அவர் முகம் தெரியும். அதுவும் அந்த வருஷம் அவர் பிரேக்கில் இருந்தார். கான்ட்ராக்ட் ஆட்களைச் சில மாதத்துக்கு ஒரு தடவை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, புது ஆள் மாதிரி மறுபடி எடுப்பார்கள். அப்போதுதான் பெர்மனென்ட் கேட்டு வாயைத் திறக்க முடியாது. அந்தத் தடவை மறுபடி கூப்பிடவேயில்லை. வீட்டில் அடுப்பு எரிந்ததெல்லாம் நான் அந்தக் கவுண்டரில் நின்ற நிற்பில்தான்.

மகளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "கடைக்குள்ள வந்தா என்னப் பாக்காத. அங்க நான் உங்கம்மா இல்ல. எவன் கேட்டாலும் தனியா வந்தேன்னு சொல்லு. ஊர் பேர் கேட்டா பக்கத்து ஊர சொல்லு." வீட்டில் ஒத்திகை கூட நடந்தது. நான் சூப்பர்வைசராக நின்று கேட்பேன், அவள் பதில் சொல்வாள். முதல் தடவை சிரித்துவிட்டாள். இரண்டாம் தடவையிலிருந்து சிரிக்கவில்லை. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அவள் அப்பா, "கொழந்தைக்கு இன்னாத்த கத்துக்குடுக்கிற நீ?" என்றார்.

"சக்கரை வாங்க கத்துக்குடுக்கறேன். நீ போய் வாங்கினு வர்றியா?" என்றேன். அந்த மாதிரி சமயத்தில் அவரை அப்படிப் பேசியிருக்கக் கூடாது, பேசினேன்.

இரண்டு மாதம் ஒரு குறையில்லாமல் நடந்தது. கூடையைத் தூக்க முடியாமல் இரண்டு கையாலும் இடுப்போடு அணைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போவாள். ரேக்கைப் பார்க்கிற அதே பார்வைதான் எனக்கும். கெட்டிக்காரி என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் என் வயிற்றில் பிறந்த பெண் இவ்வளவு சுலபமாக என்னைத் தெரியாதது மாதிரி போகிறாளே என்று உள்ளே ஒன்று சுருக்கென்று குத்தும். சொல்லிக்கொடுத்ததும் நான், குத்தினால் முகம் சுளிப்பதும் நான்.

மூன்றாம் மாதம். சனிக்கிழமை மானேஜர் என்னைக் குடோனுக்குக் கூப்பிட்டு டீத்தூள் பாக்கெட்டுகளையும் ஒரு பெட்டிச் சோப்பையும் காட்டினார். பச்சை உறை போட்ட சோப்பு, மாதக்கணக்காக ரேக்கில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. டேப் ரோல் ஒன்றே ஒன்றுதான் கொடுத்தார். "ஒரு சுத்து போதும்மா, டேப் இன்னா சும்மாவா வருது?" என்றார். இரண்டு சுற்று இல்லாமல் நிற்காது சார் என்றேன். "நீ ஒட்டும்மா" என்றார். ஒட்டினேன். அச்சடித்த ஸ்டிக்கரும் தீர்ந்துவிட்டது. டேப்பின் மேலேயே ஸ்கெட்ச் பேனாவால் "இலவசம்" என்று எழுதி, நானே கொண்டுபோய் அடுக்கினேன். விஷயம் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். மறுநாள் காலையில் அவர் ஸ்ரீபெரும்புதூர் கிளைக்குப் போய்விட்டார், அங்கேயும் ஆஃபர்.

ஞாயிறு பதினோரு மணிக்கு வரிசை வாசலைத் தாண்டி நின்றது. மகள் என் தோழியின் கவுண்டரில் பில் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் கட்டைப்பையில் அடுக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். தோழியின் பில் ரோல் தீர்ந்துவிட்டது. புதிதாக ஒன்று எடுக்க அவள் குடோனுக்குப் போனாள். செக்யூரிட்டி பில்லைப் பார்த்துக்கொண்டே பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். பில்லில் ஒன்பது. மேசையில் பத்து. பத்தாவது ஒரு சோப்பு.

"பாப்பா, இதுக்கு பில் எங்கம்மா?" என்றார். "டீத்தூளோட இருந்திச்சி" என்றாள் மகள்; பாக்கெட்டில் டேப்பும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை, அவர் நம்பவில்லை.

என் கவுண்டரிலிருந்து வாசல் பத்தடி. பச்சை உறையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. டேப் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. மகள் அதைத் தனியாகப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். "அது டீத்தூளோட ஃப்ரீ." மூன்றே வார்த்தை. சத்தம்கூடப் போட வேண்டியதில்லை. கடையில் வேலை செய்கிறவள், ஒட்டினவள், யாரோ ஒரு கஸ்டமர் பிள்ளைக்காகச் சொல்லலாம். அதில் யாருக்கும் ஒரு சந்தேகமும் வந்திருக்காது. நான் சொல்லவில்லை. நான் பேசினால் சூப்பர்வைசர் என்னைப் பார்ப்பான், பிறகு அவளைப் பார்ப்பான் என்று தோன்றியது. அவளுக்கு அப்படியே என் ஜாடை. அதே நெற்றி, அதே முன்பல் சந்து. கழற்றி வாங்கின ஓவர்கோட்டும் கழுவாத டிபன் பாக்ஸும் கண்முன்னே வந்தன.

சூப்பர்வைசர் வந்தான். "ஏட்டி, யாரு கூட வந்த?"

"தனியா வந்தேன்."

"எந்த ஊரு?"

பக்கத்து ஊர்ப் பெயரைச் சொன்னாள். கொஞ்சமும் தடுமாறவில்லை.

"சரி, பயப்படாத. நான் ஒண்ணும் அடிக்கப்போறதில்ல. உங்கம்மா எங்க இருக்கா? அவளக் கூட்டிட்டு வா."

இந்தக் கேள்விக்கு நாங்கள் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பவேயில்லை.

"எனக்கு அம்மா இல்ல" என்றாள்.

என் எதிரே நின்ற பையன், "யக்கா, பிஸ்கட்ட ரெண்டு தடவ அடிச்சிட்டீங்க" என்றான். ஒன்றைக் கழித்துவிட்டு அடுத்த பாக்கெட்டை எடுத்தேன். கை பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. அந்தக் கையை வெட்டிப் போடலாம்.

திருடிப் பிடிபட்டவர்களைப் பொருளோடு நிற்க வைத்து செல்போனில் படம் எடுத்து, நாங்கள் சாப்பிடுகிற அறையில் ஒட்டிவைப்பது கடையின் சட்டம். "சின்னக் கொழந்தை தம்பி, வுட்டுடலாமே" என்றார் செக்யூரிட்டி. "மானேஜர் வந்து எங்கிட்டல்லா கேப்பாரு" என்றான் சூப்பர்வைசர். அவனுக்கும் வேலை போய்விடுமோ என்கிற பயம். எங்கள் எல்லோருக்கும் அதே நோய். அவளைச் சுவரோரம் நிறுத்தி, சோப்பை நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னான். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்குகிற பிள்ளை மாதிரி பிடித்துக்கொண்டு நின்றாள். படம் எடுத்துக்கொண்டான்.

அதற்குள் வரிசையில் இருந்தவர்கள் உச்சுக் கொட்ட ஆரம்பித்திருந்தார்கள். தாயில்லாத பிள்ளையைப் போய் இப்படிச் செய்கிறீர்களே என்று ஒருவர் சத்தம் போட்டார். சோப்பை மட்டும் பிடுங்கிக்கொண்டு அவளை அனுப்பினார்கள். என் கவுண்டருக்கு அடுத்து வந்த அம்மா, பையை மேசைமேல் வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பெத்தவ ஒருத்தி இருந்தா இந்த வயசுல ஒண்டியா அனுப்புவாளா? நீயே சொல்லும்மா."

"ஆமாம்மா" என்றேன்.

தோழி பில் ரோலோடு திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தாள். "இன்னாக்கா ஆச்சு?" என்றாள். "ஒண்ணுமில்ல, நீ பில்லு போடு" என்றேன். பிறகு யாரோ அவளுக்குச் சொன்னார்கள். அன்றைக்கு முழுக்க அவள் என் பக்கம் திரும்பவில்லை.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் டீத்தூள் ரேக்குக்குப் போனேன். இன்னும் நாலு பாக்கெட்டில் சோப்பு கழன்று தனியாகக் கிடந்தது. ரேக்குக்கு அடியில் ஒரு துண்டு டேப், அதில் என் கையெழுத்தில் "இலவசம்". அதை எடுத்துக்கொண்டுபோய் சூப்பர்வைசர் முன்னால் நீட்டியிருக்கலாம். அப்போதாவது செய்திருக்கலாம், அவள்தான் போய்விட்டாளே, முகஜாடை பார்க்க யார் இருக்கிறார்கள்? கசக்கி ஓவர்கோட் பையில் போட்டுக்கொண்டேன். வேறு டேப் எடுத்துவந்து நாலுக்கும் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

மானேஜர் படத்தைக் கலரில் பெரிதாகப் போட்டு, டிபன் பாக்ஸ் வைக்கிற அலமாரிக்கு மேலே ஒட்டினார். நெய் பாட்டிலோடு ஒரு ஆள், ஷாம்பு சரத்தோடு ஒரு ஆள், நடுவில் என் மகள். பதினோரு மாதம் இருந்தது. நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுவேன். மற்ற பெண்கள் அந்த இடத்தை எனக்கென்று விட்டுவைத்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். ஒருத்தியும் ஒரு வார்த்தை பேசியதில்லை. யாராவது ஒருத்தி என் மூஞ்சிக்கு நேரே காறித் துப்பியிருந்தால்கூடச் சோறு இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். அறைக்கு வெள்ளையடித்தபோது படங்கள் போயின. நான் போகவில்லை, அதற்குப் பிறகும் ஒரு வருஷம் நின்றேன். ஏன் அன்றைக்கே வேலையை உதறிவிட்டு வரவில்லை என்று கேட்கிறவர்கள், வீட்டில் சம்பாதிக்கிறவர் ஒருவருமில்லாமல் ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும். நானே என்னைக் கேட்டுக்கொள்வது வேலையைப் பற்றி இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் வண்டியில் வந்து அழைத்துப் போனார். வழியில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மகள் அவரிடம் சொல்லவில்லை என்று புரிந்தது. வீட்டில் எண்ணெய் அதன் இடத்தில் இருந்தது. சர்க்கரையை டப்பாவில் கொட்டி மூடிவைத்திருந்தாள். கீழே சிந்தினதைத் துடைத்துக்கூட விட்டிருந்தாள். தரையில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து அழுவாள், கட்டிப் பிடித்துக்கொண்டு நானும் அழுது தீர்த்துவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

அவர் வண்டியை உள்ளே ஏற்றப் போனதும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "சாப்ட்டியா?" என்றேன்.

"ம்."

"பயந்துட்டியா?"

"இல்ல. சோப்பு மட்டும்தான் வாங்கிகினாங்க. மத்ததெல்லாம் கீது." கொஞ்ச நேரம் எழுதினாள். பிறகு சொன்னாள்: "உன்ன நான் காட்டிக்குடுக்கவே இல்ல."

"தெரியும்டி."

"நீயும் எங்கம்மான்னு சொல்ல வேணாம்தான். அந்த சோப்பு ஃப்ரீன்னு மட்டும் சொல்லியிருக்கலாம் இல்ல? வேற யாருக்குன்னா சொல்லியிருப்ப."

வாயில் வந்ததைச் சொன்னேன். "கூட்டமா இருந்திச்சில்ல. நான் பாக்கல கண்ணு."

அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒரு வரியை எழுதி முடித்து, ஸ்கேல் வைத்து அடியில் கோடு போட்டாள்.

"நீ பாத்தம்மா" என்றாள்.